ஒரு வண்டி நின்றால்

விழுந்தபோது எனக்கு வலிக்கவே இல்லை. இடது கை விரல்கள் மட்டும் என்னுடையவையாக இல்லை. யாரோ கையுறைக்குள் மாவை அடைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. பேக்கரி நடத்துகிறவளுக்கு அப்படித்தானே தோன்றும்!

கழுத்துப் பட்டையோடு மல்லாந்து படுத்தபடி இதைப் படிக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நடக்கிறேன், மாவு பிசைகிறேன், கணவரோடு சண்டையும் போடுகிறேன். பயந்துகொண்டு படிக்க வேண்டாம்.

காரைக்காலில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பைக்காரர்கள் ஒரு குழு வைத்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் எங்காவது கிளம்புவோம், பெரும்பாலும் வேளாங்கண்ணிக்கு. சிமெண்ட் கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணன்தான் தலைவர். ஆனால் வரிசையில் கடைசி வண்டி அவருடையது. யாரும் பின்தங்கிவிடக் கூடாதாம். ஒரு வண்டி நின்றால் எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். ஒருவருக்குப் பஞ்சர், ஒருவருக்கு டீ, ஒருவருக்கு வேப்பமரத்தடி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அண்ணே, வேளாங்கண்ணிக்குப் போறோமா, நிக்கறதுக்குப் போறோமா?" என்று கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே ஃபிளாஸ்கைத் திறப்பார்.

அன்று தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். வரிச்சிக்குடி பக்கம் சாலையின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பேருந்து வந்தது. ஒதுங்குவதற்கு நெல்லைத் தவிர வேறு இடமில்லை. பிரேக் பிடித்தேன், முன்சக்கரம் வழுக்கிவிட்டது.

வயலில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். "ஹெல்மெட்டக் கழட்டுங்கய்யா, மூச்சு முட்டப் போவுது! யாராச்சும் சோடா வாங்கியாங்க!" ஒருவர் தாடைப் பட்டையில் கை வைத்தே விட்டார்.

அதற்குள் அந்தோணி அண்ணன் என் தலைமாட்டில் மண்டியிட்டு, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். "கைய எடுங்க! மூச்சு நல்லாத்தான் வருது. கழுத்து ஆடுனா வெனையாயிடும். தூக்காதீங்க, தண்ணியும் குடுக்காதீங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு." பிறகு என்னிடம், "ஸ்டெல்லா, தலைய ஆட்டாத. வாயால சொல்லு. காலு அசையுதா?"

அசைந்தது. இடது கைதான் அசையவில்லை. அவருடைய வியர்வை என் ஹெல்மெட் கண்ணாடிமேல் சொட்டியது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையை மாற்றவே இல்லை.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் (உடலின் உட்பகுதியை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுத்துப் பார்த்துவிட்டு, தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "கழுத்து முள்ளெலும்பு வெடிச்சிருக்கும்மா. ஆனா விலகல. விலகியிருந்தா தண்டுவடத்த (மூளையின் கட்டளையை உடலுக்குக் கொண்டுபோகும் நரம்புக் கற்றை) நசுக்கியிருக்கும். அங்கேயே ஹெல்மெட்டப் புடிச்சு இழுத்திருந்தா, நாம இப்ப வேற பேச்சு பேசிக்கிட்டிருப்போம். கைக்குப் போற நரம்புதான் அடிபட்டிருக்கு. ஆபரேஷன் வேணாம்."

என் கணவர் லூர்து ஆஸ்பத்திரி வராந்தாவின் தரையிலேயே உட்கார்ந்து, "மாதாவே, மாதாவே" என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கை திரும்பி வருமா என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. கையில்லாமல் பேக்கரி ஏது?

பிறகு செர்விகல் காலர் (கழுத்தை அசையவிடாத பட்டை). அதைப் போட்டவர்களுக்குத்தான் தெரியும் அந்த அரிப்பு. சொந்தக் காலைக்கூடக் குனிந்து பார்க்க முடியாது. ஒருநாள் இடது கையில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பதறிப்போய்ச் சொன்னேன். பிசியோதெரபி (உடலைப் பழக்கும் பயிற்சி) தருகிற பெண் சிரித்தாள். "ஊருதாக்கா? நல்ல சேதிதான். நரம்பு முழிச்சுக்குது." அன்று பேக்கரியில் இருந்த பன் எல்லாவற்றையும் லூர்து தெருவுக்கே கொடுத்துவிட்டார்.

குழுவினர் முறைவைத்து வந்தார்கள். ஒருவர் கல்லாவில் உட்கார்ந்தார், ஒருவர் மாவு மூட்டை இறக்கினார். தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) முடியும்போது அந்தோணி அண்ணனிடம் கேட்டேன்: "வேளாங்கண்ணி போயிருப்பீங்களே, எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துனீங்களாண்ணே?"

"நாங்க போகலம்மா."

"ஏன்?"

"ஒரு வண்டி நிக்குதுல்ல."

"லூசாண்ணே உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். கண்ணீர் பட்டைக்குள் இறங்கி இன்னும் அரித்தது.

பட்டையைக் கழற்றிய பிறகு, மருத்துவர் சரி என்றதும், போன மாதம் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம். நான் லூர்துவின் பின்னால் உட்கார்ந்தேன். மெதுவாகப் போகிறவர்தான் முன்னால் போக வேண்டுமாம், அதனால் எங்கள் வண்டி முதலில். இப்போதெல்லாம் எனக்குக் கழுத்து தனியாகத் திரும்பாது. எதைப் பார்க்க வேண்டுமானாலும் முழு உடம்பும் திரும்ப வேண்டும்.

திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் கழுத்து கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். முடியவில்லை. லூர்துவின் தோளைத் தட்டினேன். அவர் ஓரங்கட்டினார்.

பின்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு எஞ்சினாக அணைவது மட்டும் கேட்டது. கடைசியில் அணைந்தது அந்தோணி அண்ணனுடையது.

"ரொம்ப நேரமாகும்ணே. நீங்கள்லாம் போய்க்கிட்டே இருங்க" என்றேன்.

"நிக்கறதுக்குத்தானேம்மா வந்தோம்" என்றபடி அவர் ஃபிளாஸ்கைத் திறந்தார்.

டீ சூடாக இருந்தது. ஆற்றி ஆற்றிக் குடித்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.