அடுக்களையைப் பார்க்காமல் சொன்ன விலை

1. எழுபது ரூபாய்

நான் முதன்முதலாகத் தனியாகப் போய் எஸ்டிமேட் கொடுத்தது மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில். அறுபதுகளில் நடந்தது. அதுவரை விலை பேசுவது எங்கள் முதலாளி சண்முகம் அண்ணாச்சியின் வேலை. மாஹிமில் அவருக்கு எலக்ட்ரிக் கடை. தாராவியிலிருந்து நடந்தே கடைக்குப் போவேன். அவர் சொல்லும் வீட்டில் வயர் இழுத்துவிட்டுத் திரும்புவேன். யாரோடும் பேச வேண்டியிருக்காது. எனக்கு அது வசதியாக இருந்தது.

அன்று அவருக்குக் காய்ச்சல்.

"ஏல முத்தையா, மூணு பிளக் பாயிண்ட்தான். ஒரு எட்டு போய்ப் பாத்து வெலயச் சொல்லிட்டு வா. ஒன்னய யாரும் கடிச்சுத் திங்க மாட்டாவ" என்றார்.

வீட்டுக்காரர் விஸ்வநாதன், ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கிளார்க். டெல்லியில் இருக்கும் மகள் தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் வருகிறாள். அவளுக்காக உள்ளறையில் டேபிள் ஃபேனுக்கு ஒரு பிளக், பாத்ரூம் பக்கம் வெந்நீர் ஹீட்டருக்கு ஒன்று, ஹாலில் ரேடியோவுக்கு ஒன்று. கட்டிடம் கட்டிய காலத்தில் அறைக்கு ஒரு லைட் என்றுதான் வயரிங் செய்திருந்தார்கள்.

ஹால், உள்ளறை, பாத்ரூம் எல்லாம் பார்த்தேன். அடுக்களையைப் பார்க்கவில்லை. மாட்டுங்கா வீடுகளில் மாமிகள் குளித்துவிட்டு மடியாகச் சமைக்கிற இடம் அது. வெளியாள் போகக்கூடாது. எங்களைப் போன்ற வயர்மேன்கள் கேட்பதும் இல்லை. 'அடுக்களை, ஒரு லைட்' என்று ஊகத்தில் எழுதிக்கொள்வோம். அப்படியே எழுதி எழுபத்திரண்டு ரூபாய் என்றேன். அவர் எழுபது என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

2. உதிர்ந்த ரப்பர்

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். மெயினை அணைத்துவிட்டு, ஹால் சுவரில் வயர் ஓடிய மரக் கேசிங்கின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த வயரை விரலால் தூக்கியதும் அதன் மேலிருந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளங்கையில் கொட்டியது. செம்புக் கம்பி மொட்டையாக நின்றது. இன்னும் இரண்டு இடங்களில் கழற்றினேன். அங்கும் அதே கதை. இந்த வயரில் ஹீட்டரை மாட்டினால் மரம் பற்றிக்கொள்ளும்.

"சார், இதுல பிளக் போட முடியாது. வீடு பூரா வயர மாத்தணும்."

"எவ்வளவு ஆகும்?"

"முந்நூத்தம்பது வரும்."

அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"போன வாரம் எழுபது. இன்னிக்கு முந்நூத்தம்பது. அடுத்த வாரம் வந்து கட்டிடத்தையே எழுதிக் குடுன்னு கேப்பீரோ?"

"ரப்பர் போயிட்டு, சார்."

"முப்பது வருஷமாப் போகாத ரப்பர், நீர் தொட்டவுடனே போயிடுத்தாக்கும்! மூணு பிளக்கை வையும். மத்தது எங்க பாடு."

வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். உளியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் அந்த லைன் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போயிற்று. அங்கே அது எப்படி இருக்கிறது என்று தெரியாமல் கை ஓடவில்லை. அடுக்களை வாசலுக்கு வெளியே நின்று உள்ளே டார்ச் அடித்தேன்.

சுவரோரம் உயரத்தில் கேசிங் ஓடியது. அதன் நடுவில் ஒரு பெரிய ஆணி. ஆணியில் கட்டிய இரும்புக் கம்பி, எதிர்ப்பக்கத்து ஜன்னலின் மரச் சட்டம் வரை போயிற்று. அதில் ஒன்பது கஜப் புடவை ஒன்று ஈரமாகத் தொங்கியது.

"அந்த ஆணிய யாரும்மா அடிச்சது?"

சாரின் மனைவி, அந்த வீட்டு மாமி, வெளியே வந்தார். "என் மாமனார். சுவத்துல அடிச்சா காரை உதிர்றதுன்னு மரத்துல அடிச்சார். மடிப்புடவை உணத்தற கொடியாக்கும் அது. ஏன்?"

எல்லோரையும் ஹாலுக்கு வரச்சொல்லி மெயினைப் போட்டேன். டெஸ்ட் லாம்ப் என்பது ஒரு பல்பும் அதிலிருந்து வருகிற இரண்டு வயரும்தான். ஒரு வயரைப் பாத்ரூம் குழாயில் கட்டினேன். மற்றதை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டி, வாசற்படியைத் தாண்டாமல் நின்றபடியே கொடிக்கம்பியைத் தொட்டேன்.

பல்பு எரிந்தது. மங்கலாகக்கூட இல்லை, ஹால் விளக்கைப் போலப் பளிச்சென்று எரிந்தது.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். தீப்பொறி பார்த்திருக்கிறேன், ஷாக் வாங்கியிருக்கிறேன். கரண்ட் ஓடுகிற கம்பியில் துணி உலர்த்துகிற வீட்டை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆணி கேசிங்கைத் துளைத்து உள்ளே வயரில் இறங்கியிருந்தது.

"எத்தன வருசமா இருக்கு?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்" என்றார் மாமி.

"யாரும் கையால தொட்டதே இல்லியா?"

"மடிக்கொடியைக் கையால எப்படித் தொடுவா? நான் குள்ளம். மணை மேல ஏறி நின்னு கோலாலதான் போடறது, கோலாலதான் எடுக்கறது." பிறகு அவர் குரல் இறங்கியது. "ஈரப் புடவையைப் போடறச்சே சில நாள் கை விறுவிறுங்கும். வாயுன்னு நெனச்சு ஓமக் கஷாயம் குடிச்சிண்டிருக்கேன்."

காய்ந்த மூங்கில் கோலும் மரப்பலகையும் நடுவில் இருந்ததால்தான் அந்த அம்மாள் உயிரோடு இருந்தார்.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமி அவரைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம பொண்ணு கோலெல்லாம் எடுக்க மாட்டா, கேட்டேளா. உங்களை மாதிரி உயரம். தரையில நின்னுண்டு கையால வெடுக்குனு இழுப்பா. போன தடவை வந்தப்பவே கையை நீட்டினா. நான் சத்தம் போட்டுத் தடுத்தேன், மடி போயிடும்னு."

சார் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இதை மட்டும் சரி பண்ண எவ்வளவு?"

"அடுக்களை லைனும் மெயினும் மட்டும்னா நூத்திப்பத்து, சார்."

"ஹீட்டர் வாங்க வெச்ச பணத்தையும் சேத்துக் குடுத்துடுங்கோ" என்றார் மாமி.

"அப்ப வெந்நீருக்கு?"

"குமுட்டி இருக்கு, கரி இருக்கு, நான் இருக்கேன். பிளக்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

மூன்று பிளக் கேட்டவர் நூற்றுப்பத்து ரூபாய் கொடுத்து, ஒரு பிளக்கும் இல்லாமல் இருந்தார்.

"வேலை செய்ய உள்ள வரணுமே, அம்மா" என்றேன்.

"நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு வாரும். நீர் போனப்புறம் அலம்பி விட்டுட்டு நான் குளிச்சுக்கறேன். முதல் நாளே கேட்டிருந்தா அன்னிக்கே வரச் சொல்லியிருப்பேனே. ஏன் கேக்கலை?"

பல்பு எரிந்ததைவிட அந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் ஆடிப்போனேன்.

3. அண்ணாச்சியின் கணக்கு

மூன்று நாள் காலை ஆறு மணிக்குப் போய் அடுக்களை லைனை மாற்றினேன். ஆணியைப் பிடுங்கினேன். கம்பிக்குப் பதிலாகச் சுவரில் புதுக் கொக்கி வைத்துச் சணல் கயிறு கட்டிக்கொடுத்தேன்.

நடந்ததை அண்ணாச்சியிடம் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"நாம எத்தன வீட்டுல ஏல அடுக்களையப் பாக்காம எழுதியிருக்கோம்?" என்று விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். இரண்டாவது கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். மறுநாளே காய்ச்சல் விட்ட சோர்வு தீராமலே எழுந்து என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார். கடையை இரண்டு வாரம் அரைநாள்தான் திறந்தோம். ஒரு வீட்டில் கேசிங்குக்குள்ளேயே கரிந்த தடம் இருந்தது.

அடுத்த மாதம் விஸ்வநாதன் சார் வீட்டுக்கு மெயின் போர்டை மறுபடி ஒருதரம் பார்த்துவிட்டு வரப் போனேன். மகள் வந்திருந்தாள். நிறைமாத வயிறு. அடுக்களையில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, கொடியில் கிடந்த துண்டைக் கையால் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டி, கோலை எடுக்கப்படாதோ!" என்று மாமி கூடத்திலிருந்து அதட்டினார். அதட்டிய கையோடு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பழைய வீட்டில் ஒரு பிளக் கூடுதலாக வைக்க என்ன ஆகும் என்று வாசலில் நின்று சொல்ல முடியாது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், அடுக்களைக்குள் எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்கிறேன். இன்றுவரை ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.