ராஜ்யம் கழிஞ்ஞு

போன மாதம் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் வந்து, வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எண்பது பேர் உட்கார்ந்து கேட்டோம். பழைய தவறுகள்தான் நமக்கு வாத்தியாராம். வரலாற்றிலிருந்து பாடம் படித்தவன் மட்டும்தான் முன்னுக்கு வருவானாம். கடைசியில் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டைக் கொடுத்து, நாம் செய்த ஒரு தவறையும் அதிலிருந்து படித்த பாடத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். நான் தவறு என்ற இடத்தில் ‘முடிஞ்ஞு’ என்றும், பாடம் என்ற இடத்தில் ‘கழிஞ்ஞு’ என்றும் எழுதி ஒட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினார். எனக்கு வந்த எரிச்சலில் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் தவறு எனக்குப் பதினொரு வயதில் நடந்தது. அப்பாவுக்குச் சாலை பஜாரில் பாத்திரக்கடை. சொந்த ஊர் பாளையங்கோட்டை. பத்து வயதில் தன் பெரியப்பாவின் கடைக்கு வந்து, திருவனந்தபுரத்திலேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். ஏன் நிறுத்தினார் என்று கேட்டால், ‘கடையில ஆள் இல்ல’ என்பார். வீட்டில் நாங்கள் பேசியது தமிழ். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். வாசல்படியில் செருப்பை மாட்டும்போதே நாக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சரியாகத்தான் மாற்றினேன்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்குச் சரித்திரம் எடுத்தவர் ஒரு பெண். இந்த ஊரில் பெண் ஆசிரியையும் ‘ஸார்’தான். அந்த ஸார் அந்த வருடம் முழுக்க வீடு கட்டிக்கொண்டிருந்தார். அசோகர் காலத்துக்கு நடுவில் கம்பியும் சிமெண்டும் வரும். மேஸ்திரி வராத நாளில் எங்களுக்கு அடி விழும். ஆக, அந்த வீடு சீக்கிரம் எழும்ப வேண்டும் என்று அவரைவிட நாங்கள்தான் அதிகம் வேண்டிக்கொண்டோம். ஒரு திங்கட்கிழமை அவர் சிரித்த முகத்தோடு வகுப்புக்குள் வந்தார். வேலை முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. முதல் பெஞ்சிலிருந்து எழுந்து, மிகவும் மரியாதையாக, “ஸாரே, வீடு முடிஞ்ஞோ?” என்று கேட்டேன்.

தமிழில் முடிந்தது என்றால் வேலை நிறைவேறியது. மலையாளத்தில் முடிஞ்ஞு என்றால் அடியோடு நாசமாகப் போனது. பாலும் காய்ச்சாத புது வீட்டைப் பார்த்து, நாசமாகிவிட்டதா என்று நான் அக்கறையோடு விசாரித்திருக்கிறேன். வகுப்பு சிரித்தது. ஸார் சிரிக்கவில்லை. என் காதைப் பிடித்து வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த வாரம் முழுவதும் சரித்திரத்தை நான் ஜன்னல் வழியாகத்தான் படித்தேன்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. நான் தமிழ்க் குழந்தை என்று அவருக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் என் பெயரே அதைச் சொல்லும். ‘அப்படிச் சொல்லக் கூடாது, கழிஞ்ஞோ என்று கேட்க வேண்டும்’ என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வரியில் போக வேண்டியதற்கு ஒரு வாரம் வெளியில் நிறுத்தினார். அதுவும் போதாமல் அப்பாவை அழைத்துவரச் சொன்னார்.

அப்பா வந்தார். ஆசிரியர்கள் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் கடையிலிருந்து நல்ல பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைத் துணியில் சுற்றி ஸார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா அன்று சமையலறையிலிருந்தே சொன்னாள்: “வாய் தவறினதுக்கே குத்துவிளக்கு. பரீட்சையில தவறினா கடையையே எழுதிக் குடுத்திருவியளா?”

அப்பா என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். “ஏட்டி, நல்லா கேட்டுக்கோ. நானும் இதே தப்பப் பண்ணினவன்தான். முடிஞ்சதுன்னு எங்க வந்தாலும் கழிஞ்ஞுன்னு போடு. யோசிக்கவே செய்யாத. நான் அப்படித்தான் இத்தன வருசம் இங்க தப்பிச்சிருக்கேன்.” பிறகு, இனி ஒரு தடவை இந்த மாதிரி ஆனால் அடுத்த வருடம் பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் இருந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். தான் பட்டதை நானும் படக்கூடாதாம்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாளையங்கோட்டை எனக்குக் கோடை விடுமுறை ஊர். பத்து நாளைக்கு நல்ல ஊர். என் சிநேகிதிகளும் என் தெருவும் அம்மாவும் இருப்பது இங்கே. ஆகவே அப்பாவின் விதியைப் பிடித்துக்கொண்டேன். மணி அடித்தால் கிளாஸ் கழிஞ்ஞு. கணக்குப் போட்டால் கணக்கு கழிஞ்ஞு. மழை விட்டால் மழை கழிஞ்ஞு. ஒரு இடத்திலும் யாரும் சிரிக்கவில்லை. செய்த தவறிலிருந்து பாடம் படித்து முன்னேறிக்கொண்டிருந்தேன். மஞ்சள் சீட்டுக்காரர் அன்று பார்த்திருந்தால் என்னை மேடையில் ஏற்றியிருப்பார்.

மேடையில் ஏற்றியது ஸார். பித்தளை விளக்கு வீட்டுக்குள் போனதிலிருந்து அவருக்கு என் மேல் திடீரென்று அன்பு. பள்ளி ஆண்டுவிழாப் பேச்சுப் போட்டிக்கு அவரே என் பெயரைக் கொடுத்தார். தலைப்பு, ‘சரித்திரம் நம்மைப் படிப்பிக்கும் பாடங்கள்’. மூன்று பக்கம் மலையாளத்தில் அவரே எழுதியும் கொடுத்தார். இதில் பரிசு வாங்கினால் பாளையங்கோட்டைப் பேச்சே இனி எடுப்பதில்லை என்று அப்பா வாக்குக் கொடுத்தார். நான் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்த மூன்று பக்கத்தையும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் பக்கத்தின் முடிவில் ஒரு கதை வரும். ஒரு பழைய ராஜ்யம். அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை. முன்னோர்கள் செய்த தவறையே அவர்களும் செய்தார்கள். ‘ஒடுவில் ஆ ராஜ்யம் முடிஞ்ஞு’ என்று ஸார் எழுதியிருந்தார். கடைசியில் அந்த ராஜ்யம் அழிந்தது என்று பொருள்.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை ஒரு வாரம் வராந்தாவில் நிறுத்திய அதே வார்த்தையை அவரே தன் கையால் எழுதியிருக்கிறார். அவருக்கு யார் காதைப் பிடிப்பது? கோபத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஸாரின் தப்பை நான் கண்டுபிடித்துவிட்டேன். அவரிடம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த வார்த்தையை அவர் முன்னால் இன்னொரு தடவை உச்சரிக்க எனக்குத் தைரியம் இல்லை. சிவப்பு மையால் அதை அடித்து, மேலே ‘கழிஞ்ஞு’ என்று எழுதினேன். ராத்திரி கடை அடைத்து வந்த அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “நல்லவேள பாத்த” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

போட்டி நாளில் அப்பா கடையைப் பெரியப்பா மகனிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, பின்னால் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்தை நான் தங்குதடையில்லாமல் சொன்னேன். நடுவர்களில் ஒருவர் தலையை அசைத்து ரசித்தது எனக்குத் தெரிந்தது. இரண்டாம் பக்கத்தின் முடிவுக்கு வந்தேன். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று ஸார் பழக்கியிருந்தார். கையை உயர்த்தி, “ஒடுவில் ஆ ராஜ்யம்…” என்று நிறுத்தி, அரங்கத்தை ஒரு பார்வை பார்த்து, “கழிஞ்ஞு” என்றேன்.

பொன்முடி பஸ்ஸில் தூங்கிப்போனவர் விழித்து, வித்துரா வந்துவிட்டதா என்று கேட்டால், கண்டக்டர் “வித்துரா கழிஞ்ஞு” என்பார். தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த ராஜ்யத்தை நான் அப்படித் தாண்டவைத்துவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “அடுத்த ஸ்டாப்பு ஏது?” என்று கேட்டது. அவ்வளவுதான். மொத்த அரங்கமும் சிரித்தது. தலையசைத்த நடுவரும் சிரித்தார். ஸார் சத்தமாக, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, “ஞான் எழுதித் தந்நது அதல்லல்லோ”, நான் எழுதிக் கொடுத்தது அது இல்லையே, என்று கைகழுவினார்.

எனக்கு மூன்றாம் பக்கம் முழுவதும் மறந்துவிட்டது. மேடையில் நின்றபடி அப்பாவைத் தேடினேன். அவர் இடது பக்கம் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு வலது பக்கம் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

நான் அவருடைய மகள் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்த்திருக்கிறார், தெரியவில்லை என்றதும் சிரித்துவிட்டார். நான் அப்படித்தான் நினைத்தேன். அந்த விதியைக் கொடுத்ததே அவர். திருத்தியதைப் பார்த்துப் பெருமைப்பட்டதும் அவர். இப்போது கூட்டத்தோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதும் அவர். ஸாரின் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் அப்பாவின் மேல் போய் உட்கார்ந்தது.

திரும்பி வரும்போது கிழக்கேகோட்டைச் சந்திப்பில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தலையை லேசாகத் திருப்பி, “எதுக்குட்டி எல்லாரும் சிரிச்சாவ?” என்று கேட்டார். நான் பேசவில்லை. வீட்டுத் தெரு திரும்பும்போது இன்னொரு தடவை கேட்டார். குத்திக் காட்டுகிறார் என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதற்குப் பிறகு பல நாட்கள் நான் அவரிடம் பேசவே இல்லை.

ஜூன் மாதம் பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே முதல் பரீட்சையில் எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்துவிட்டு எழுந்து, “டீச்சர், எனக்குக் கழிஞ்சுது” என்று அறிவித்தேன். வயிற்றுப்போக்கு என்று நினைத்து, துணைக்கு ஒரு பெண்ணோடு என்னை அவசரமாகக் கழிப்பறைக்கு அனுப்பினார்கள். நான் படித்த பாடம் அங்கே அந்த வேலையைத்தான் செய்தது. ஐந்து வருடம் அத்தை வீட்டில் இருந்தேன். அம்மா வாரம் ஒரு கடிதம் போடுவாள். அப்பா கடைசியில் இரண்டு வரி எழுதுவார். நான் அந்த இரண்டு வரிக்கு மட்டும் பதில் எழுத மாட்டேன்.

இப்போது அப்பா கடையை விட்டுவிட்டு எங்களோடு கழக்கூட்டம் பிளாட்டில் இருக்கிறார். மஞ்சள் சீட்டுக்காரர் வந்துபோன அதே வாரம் எங்கள் குடியிருப்பில் ஓணக் கொண்டாட்டம். இளைஞன் ஒருவன் மைக்கைப் பிடித்து, வேகமான மலையாளத்தில் ஏதோ வேடிக்கை சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நான் எதேச்சையாக அப்பாவைப் பார்த்தேன். அவர் இடது பக்கம் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். வலது பக்கம் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக.

என் தட்டில் பாயசம் அப்படியே இருந்தது. ஐம்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் பாத்திரம் விற்றவர். சாமான் பெயர், விலை, எடை, நலம் விசாரிப்பு எல்லாவற்றுக்கும் அவரிடம் மலையாளம் உண்டு. சிரிப்புக்கு மட்டும் இல்லை. எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்துவிட்டால் யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதை, பத்து வயதில் ஏதோ ஒரு வகுப்பில், ஏதோ ஒரு சிரிப்புக்கு நடுவில் அவர் படித்திருக்கிறார். அந்த வகுப்பு எதுவென்று தெரிந்தால், அதில் சிரித்தவர்கள் இன்று எந்தக் கிழவர்களாக இருந்தாலும், நான் போய்க் கதவைத் தட்டுவேன். அவர்களிடம் கொடுக்க வேண்டும் அந்த மஞ்சள் சீட்டை.

அன்று அரங்கத்தில் அவர் காதுக்கு அந்த ராஜ்யம் சரியாகத்தான் கழிந்திருந்தது. தன் மகள் ஒரு தப்பும் செய்யாமல் பேசிக்கொண்டிருக்கும்போது ஊரே ஏன் சிரிக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்பதற்கு இந்த ஊரில் அவருக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் ஸ்கூட்டரை நிறுத்தி என்னிடம் கேட்டார். தெரியாமல்தான் கேட்டார். அவர் முதுகில் முகம் பட்டுவிடாதபடி பின்னால் தள்ளி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் பேசாமல் வந்தேன்.