சவாரியும் லோடும்

அப்பாவின் அம்பாசடரை விற்று நான் பிக்கப் வாங்கியதில் தப்பே இல்லை. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. அந்தக் கிழட்டு வண்டி டீசலாகக் குடிக்கும், மேடு கண்டால் முனகும். ஆனால் பின்சீட்டில் காலை நீட்டி உட்காரலாம், வேட்டி கசங்காமல் இறங்கலாம். பிக்கப்பில் ஏசி உண்டு, சின்ன வெங்காயத்தை மூட்டை மூட்டையாகச் சுமக்கும். கேபினில் ஏறுவதுதான் பெரும்பாடு.

அப்பா பெரம்பலூர் ஸ்டாண்டில் அம்பாசடரை வாடகைக்கு ஓட்டியவர். அவருக்கு வண்டியில் ஏறுகிற எல்லாரும் சவாரிதான். கல்யாணப் பெண்ணும் சவாரி, பிரசவத்துக்குப் போகிறவளும் சவாரி. "சவாரி பசியோட எறங்கக் கூடாதுடா" என்று தன் காசில் டீ வாங்கிக் கொடுப்பார். எனக்கு மூட்டை ஏற்றி ஏற்றி வாயில் லோடு என்ற சொல்தான் வருகிறது.

போன மாதம் அவருக்கு முட்டியில் ஆபரேஷன். வாராவாரம் அரியலூர் டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் வாரம், இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில் மண்டிக்காரர் போன் செய்தார், வெங்காயம் காத்துக் கிடக்கிறதாம்.

"அண்ணே, கையில ஒரு லோடு இருக்கு. ஆஸ்பத்திரியில எறக்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். வெட்கங்கெட்ட நினைப்பு.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எறங்கிட்டேன்ப்பா. நீ கெளம்பு, மண்டியில காத்துக் கிடப்பாங்க."

"வாய் தவறி வந்துடுச்சுப்பா."

"தொழில் பேச்சுதானே, எனக்குத் தெரியாதா?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த வாரம் வந்த வேலையையெல்லாம் வேண்டாமென்றுவிட்டு, அவர் கால் வைத்து ஏற ஒரு முக்காலி வாங்கி வந்தேன். அப்பா பஸ்ஸில் போய்விட்டதாக அம்மா சொன்னாள். அடித்துப் பிடித்து ஓட்டி, அரியலூர் ரோட்டில் அந்த பஸ்ஸைப் பிடித்தேன். பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தார். உட்கார இடமில்லாமல், கம்பியைப் பிடித்து, ஆபரேஷன் செய்த காலில் பாரம் விழாமல் சாய்ந்து நின்றிருந்தார்.

ஹாரன் அடித்தேன். திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்தது, முகத்தில் லேசாகச் சிரிப்பும் வந்தது. பின்னால் அவசரமாக வருகிற வண்டிக்கு வழிவிடும் டிரைவரைப் போல, முந்திக்கொண்டு போகச் சொல்லிக் கையை அசைத்தார். முந்த மனசு வரவில்லை. காலி சீட்டை வைத்துக்கொண்டு அரியலூர் வரை பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன்.