முனையில் சிவப்புத் துணி பிடித்து நின்ற செல்வி அக்கா

செல்வி அக்கா போய்விட்டார்.

காலையில் நெஞ்சுவலி என்றாராம். ஆம்புலன்ஸ் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது... நான் அப்போது ஹெல்மெட்டுகளைத் துடைத்து வெயிலில் மல்லாத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

கல்வராயன் மலைக்கு வந்து எங்கள் ஏடிவியை, அந்த நாலு சக்கர பைக்கை, வாடகைக்கு எடுத்து ஓட்டியவர்கள் சிலர் இந்தக் கணக்கில் நண்பர்களாக இருக்கிறீர்கள். ஹெல்மெட் கொடுத்த பெண் நான். பேசியிருக்க மாட்டேன், அதனால் ஞாபகம் இருக்காது.

ஆனால் அக்காவை நினைவிருக்கும். பாதி வழியில், மரவள்ளிக் காடு முடிகிற முனையில், மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஒருவர் உங்களை நிறுத்தியிருப்பார். அவர்தான்.

அந்த வழி எங்களுடையது இல்லை. ஊர் வழி. ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மேய்ச்சலுக்கும் அதில்தான் நடக்கிறார்கள். முனையில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது என்பதால் அங்கே அக்காவுக்கு டூட்டி.

நடப்பவர்கள் முதலில். அப்புறம் ஆடு மாடு. வண்டி கடைசி... அக்காவின் வரிசை அது.

வண்டியைப் பார்த்து யாராவது தயங்கி நின்றால், துணியை நீட்டியபடியே திரும்பிப் பார்க்காமல் சொல்வார். “நீ போ. வண்டி நிக்கும்.”

ஆரம்பத்தில் ஓனர் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் கொடி வாங்கித் தந்திருந்தார். அக்கா அதை ஆட்டினால், ரேஸ் கொடி என்று நினைத்து எல்லோரும் இன்னும் வேகம் எடுத்தார்கள். கையைத் தூக்கி விசில் வேறு.

ஒரு பையன் திரும்பி வந்து கேட்டான், “நான் எத்தினாவதுக்கா?”

“கடைசி. உனுக்கு முன்னால ஆறு ஆடு போயிடுச்சி.”

அன்றோடு ஆட்டுவதை விட்டுவிட்டார். தன்னுடைய பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து நீளமாகக் கட்டி, அசைக்காமல் வழிக்குக் குறுக்கே பிடித்தார். அதற்கு நின்றார்கள்.

இன்னொரு நாள், உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம். கவுண்டரை விட்டுப் போகும்போது வண்டியில் கணவர் மட்டும்தான் இருந்தார். கொஞ்ச தூரம் போய் மனைவியைப் பின்னாலும் குழந்தையை மடியிலும் ஏற்றிக்கொண்டுவிட்டார். ஒருவர் மட்டும் ஓட்டுகிற வண்டி அது.

நான் பின்னாலேயே ஓடினேன். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. முனையில் துணி குறுக்கே வந்தது.

“கொழந்தைய எறக்குங்க சார். அம்மா, நீங்களும் எறங்குங்க.”

“ஒரு ரவுண்டு தானம்மா. ஆசப்படுது.”

“வண்டி சாஞ்சா மொதல்ல அதுதாங்க அடியில மாட்டும்.”

“சொல்றதுக்கு நீ யாரு?”

“இந்த மொனைக்குக் கலெக்டருங்க.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். கணவர் தனியாக ஒரு ரவுண்டு போய் வருவதற்குள் குழந்தை அக்காவின் கொய்யாப்பழத்தைப் பாதி தின்றுவிட்டு, கிளம்ப மாட்டேன் என்று அழுதது.

மழை நாட்கள்தான் எங்களுக்குப் பெரிய தொல்லை. வழியில் தண்ணீர் நின்றால், ஓட்டுகிறவர்கள் ஓரமாக மரவள்ளியில் ஏற்றிவிடுவார்கள். அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, வா வா என்று கையைக் காட்டுவார்.

“தண்ணியிலயே வாங்க சார். இந்த வண்டிய அதுக்குத்தான செஞ்சிக்கிறான்? பயிர்ல போறதுக்கா இவ்ளோ மெனக்கெட்டான்?”

சாயந்திரம் குச்சியை என் கவுண்டரில் சாய்த்துவிட்டு, “ஏ ஊமச்சி, கால் வுட்டுப் போச்சிடி” என்று உட்காருவார். நேற்றும் அப்படித்தான். குச்சி இன்னும் அங்கேயே இருக்கிறது. நுனியில் நேற்றைய சேறு.

மதியம் ஓனர் அண்ணன் போன் செய்தார்.

“பாப்பா, நாளைக்கிக் காலையில எடுக்கறாங்க. அந்த மொனையத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போவணும். நீ போயி நின்னு வண்டிங்கள நிறுத்திக்க. புக்கிங் ஜாஸ்தி இருக்குது, இன்னா பண்றது...”

நாளைக்கு ஒருநாள் வண்டி வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வந்தது “சரிங்கண்ணா” மட்டும்தான். அவர் மேல் கோபம் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போனவர் அவர்.

கோபப்படத் தெம்பும் இல்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒருநாள் நான் அந்த முனையில் நின்றிருக்கிறேன். இரண்டு வண்டிகள் நிற்காமல் என் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போயின. அப்போது வழியில் யாரும் இல்லை.

நாளைக்கு இருப்பார்கள். தோளில் அக்காவைத் தூக்கிக்கொண்டு.

நாளை எங்களிடம் வண்டி எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்... சிவப்புத் துணி தெரிந்ததும் நின்றுவிடுங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஹாரன் வேண்டாம். போனை எடுக்க வேண்டாம். கடைசி ஆள் தாண்டும்வரை அப்படியே இருங்கள்.

எனக்குக் கத்தி நிறுத்த வராது. துணியை ஆட்டவும் மாட்டேன். குறுக்கே பிடித்திருப்பேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாடு வரை போவதில்லை. எப்படியும் எனக்கு அந்த முனைதான் கடைசி.

நீ போ அக்கா. வண்டி நிக்கும்.