எந்தக் கார்டில் எழுத்து தெளிவு

என் கணவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு ஷெட்டுகள் செய்கிற ஒரு கம்பெனியில் டிராயிங் வேலை பார்த்தார். ஒரு தூண் எவ்வளவு உயரம், அதில் எந்த இடத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை போட வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்துக் கீழே பட்டறையில் வெட்டுவார்கள். நாங்கள் மணவாள நகரில் வாடகைக்கு இருந்தோம். காலையில் பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் போவார். திரும்பி வரும்போது சட்டைக் காலரில் இரும்புத் தூசி இருக்கும்.

ஒரு தடவை அவர் வரைந்த தூணில் ஓட்டைகள் இடம் மாறிவிட்டன. அந்தத் தூண் எங்கேயோ ஆந்திராவுக்குப் போய், அங்கே போல்ட் மாட்ட முடியாமல் திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் இன்னொரு தூணும் அப்படியே வந்தது. "ஆர்டர் கம்மியா இருக்கு, கூப்பிடறப்போ வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

"அங்க வெச்சிருக்கற மானிட்டரு பூரா மங்கல். மூணா எட்டானு தெரியாது. அதுல எவன் வரைஞ்சாலும் தப்புதான் வரும்" என்றார். நான் அதை நம்பினேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத எனக்கு மானிட்டரைப் பற்றி என்ன தெரியும்?

அம்பத்தூரில் ஒரு கான்ட்ராக்டர், வீட்டிலிருந்தே வரைந்து கொடுத்தால் போதும் என்றார். எங்களிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கல்யாணமான புதிதில் உதிரி பாகங்களாக வாங்கிச் சேர்த்துப் பூட்டியது. சாதாரண டிராயிங் அதில் ஓடும். ஆனால் கான்ட்ராக்டர் கேட்டது 3டி. ஷெட் முழுதும் திரையில் எழுந்து நிற்க வேண்டும், மவுஸைப் பிடித்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் திருப்பினால் ஷெட் பாதியில் நின்றுவிடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். சில நேரம் மொத்தமும் அணைந்து, வரைந்ததெல்லாம் போய்விடும்.

"இதுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாப்பூடும்" என்றார்.

எங்கள் தெருமுனையில் ஒரு பாய் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பழவேற்காட்டுக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் இறால் வியாபாரம். இவர் ஒருவர்தான் மீன் வாசனை ஒத்துக்கொள்ளாமல் இங்கே வந்து கடை போட்டதாகச் சொல்லிச் சிரிப்பார். அவர் ஷோகேசுக்கு அடியில் துழாவி இரண்டு கார்டுகளை எடுத்துவைத்தார்.

"புதுசு எதுவும் உங்க போர்டுல ஒக்காராது தம்பி. ஸ்லாட்டே வேற. உங்களுக்கு ஆவறது இந்த ரெண்டுதான். ரெண்டும் பழசு."

ஒன்றின் மேல் சின்ன ஃபேன் இருந்தது. இன்னொன்றில் ஃபேன் இல்லை, சூடு இறங்க அலுமினியத் தகடு மட்டும்.

"ஃபேன் வெச்சது திருப்பறதுக்கு சூப்பரா இருக்கும். ஆனா எழுத்து மங்குதுன்னு ஒருத்தர் கொண்டாந்து குடுத்துட்டாரு. இது ஸ்லோ. ஆனா எழுத்து கண்ணாடி மாதிரி தெரியும்."

"எனக்கு ரெண்டும் வேணுமே பாய்" என்றார் என் கணவர்.

"ரெண்டும் ஒண்ணா வேணும்னா நீங்க கம்ப்யூட்டரையே மாத்தணும்." பாய் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "ரெண்டையும் எடுத்துக்கினு போங்க தங்கச்சி. ஓட்டிப் பாருங்க. எது புடிக்குதோ அத வெச்சிக்கினு மத்தத திருப்பிக் குடுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை நாஷ்டாவைக்கூட முழுதாகச் சாப்பிடாமல் கம்ப்யூட்டர் டப்பாவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டார். முதலில் ஃபேன் வைத்ததை மாட்டினார். ஷெட்டைத் திரையில் கொண்டுவந்து மவுஸை இழுத்தார். அது பம்பரம் மாதிரி திரும்பியது.

"பாத்தியா! பாத்தியா எப்டி சுத்துது!"

அவ்வளவு நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்டதில் எனக்கும் சந்தோஷம். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சுருங்கியது. திரைக்குப் பக்கத்தில் போனார், பின்னால் வந்தார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். அப்படிச் சாய்த்துப் பார்ப்பது அவருக்குக் கொஞ்ச நாளாகவே பழக்கம். கழுத்து வலி என்று நினைத்திருந்தேன்.

"பாய் சொன்னது கரெக்டுதான். நம்பரெல்லாம் அழிஞ்சாப்ல கீது."

கழற்றி மற்றதை மாட்டினார். ஷெட் விட்டுவிட்டுத் திரும்பியது. ஆனால் எழுத்து பரவாயில்லை என்றார். அரை மணி கழித்து இதிலும் மங்கல் என்றார். மறுபடி ஃபேன் வைத்ததையே மாட்டினார். இப்படியே மதியம் ஆகிவிட்டது.

"நீ சொல்லு. எதுல எழுத்து சுத்தமா கீது?"

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதாங்க தெரியுது."

"இன்னா ஒரே மாதிரி? நல்லா பாத்து சொல்லு. இது எவ்ளோ?"

"ரெண்டாயிரத்து எண்ணூத்தி முப்பது."

அவர் மறுபடி திரையை உற்றுப் பார்த்தார். அவர் வேறு எண்ணைப் படித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அவராகவே ஒரு யோசனை சொன்னார்.

"கழட்டி மாட்டிக்கினே பாக்கறதால கண்ணு களைச்சிப்பூடுது. நான் வெளிய போயி நிக்கறேன். நீ ஆஃப் பண்ணிட்டு, கார்ட மாத்திட்டு, ஆன் பண்ணி கூப்புடு. நான் பாத்து சொல்றேன்."

காலையிலிருந்து அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் நானும் தலையாட்டினேன். அவர் வாசலுக்குப் போனார். உள்ளே இருந்தது ஃபேன் வைத்த கார்டு. ஸ்குரூவைக் கழற்றிவிட்டேன். ஆனால் கார்டைப் பிடித்து இழுத்தால் வரவில்லை. அடியில் ஒரு கொக்கி கவ்விக்கொண்டிருந்தது. உடைந்துவிட்டால் பாய்க்கு என்ன பதில் சொல்வது என்று பயம். அதை அப்படியே விட்டுவிட்டு, ஸ்குரூவை முடுக்கி, ஆன் செய்தேன். எடுக்க வரவில்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், சத்தம் கேட்டு அவரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஷெட்டைத் திறந்தார். எண்கள் இருந்த இடத்தைப் பெரிதாக்கினார். தலையைச் சாய்க்காமல் நேராகப் பார்த்தார்.

"இதான். இப்ப பாரு, எவ்ளோ தெளிவா கீது. அந்த ஃபேன் கார்டு வேணாம், கண்ண கெடுத்துடும். இதயே வெச்சிக்கலாம்."

உள்ளே இருந்தது அதே ஃபேன் கார்டுதான். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் மவுஸை இழுத்தார். ஷெட் பம்பரம் மாதிரி சுற்றியது. அவர் கை நின்றது. குனிந்து, திறந்திருந்த டப்பாவுக்குள் பார்த்தார். அந்தச் சின்ன ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ மாத்தலயா?"

"கழட்ட வரலங்க."

குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. நிமிர்ந்ததும் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார்.

"உன் மூக்கு இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல" என்றார். "நேரா பாத்தா இல்ல. எத்தினி மாசமா இப்டி கீதுன்னு தெரியல. நான் மானிட்டர திட்டிக்கினு இருந்தேன்."

சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் உட்காரவைத்து, வெகுநேரம் பார்த்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே போகிறது. கண்ணாடியால் சரியாகாது. ஆபரேஷனும் இல்லை. முழுதாக இருட்டாகாது, ஓரத்துப் பார்வை இருக்கும். நடமாடலாம்.

"டிராயிங் வேலை மேடம்" என்றார் அவர்.

"அது கஷ்டம்" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ரயில் ஆவடியைத் தாண்டியது. பிறகு அவர், "பாய்கிட்ட எந்தக் கார்ட திருப்பிக் குடுக்கறது?" என்று கேட்டார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

"ரெண்டையும் குடுத்துடலாங்க."

"இல்ல. ஃபேன் வெச்சத வெச்சிக்கலாம். ஷெட்டு சுத்தறது எனக்குத் தெரியுது, அது பெருசு. நம்பர நீ படி."

அப்படித்தான் சில மாதங்கள் ஓட்டினோம். சமையலை முடித்துவிட்டு நான் ஸ்டூலில் உட்காருவேன். அவர் வரைவார், நான் எண்களைப் படிப்பேன். தூணின் பெயர், உத்தரத்தின் பெயர் எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஒருநாள் அவர் கோடு போடுவதற்கு முன்பே, "அங்க ஓட்டை வரணுமில்ல?" என்று நான் கேட்டுவிட, "நீ என் வேலைக்கே வந்துட்டியா?" என்று சிரித்தார். இரண்டு ஷெட்டுகள் முழுதாக முடித்துக் கொடுத்தோம். ஒரு தப்புகூட வரவில்லை.

ஆனால் ஒருவர் ஒரு நாளில் முடிக்கிற வேலை எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. கான்ட்ராக்டர் முதலில் அவசரமானதை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்தார். அப்புறம் அவசரமில்லாததையும் கொடுத்தார். அந்தக் கோடையில் என் கணவருக்குத் திரையின் நடுவிலிருந்த ஷெட்டும் தெரியாமல் போய்விட்டது. நான் எண்களைப் படித்தேன். அவர் மவுஸை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் தேடினார். "இன்னும் கொஞ்சம் மேல, இல்ல, இந்தப் பக்கம்" என்று நான் சொல்லச் சொல்ல, மவுஸை மெதுவாக மேசைமேல் தள்ளிவைத்தார்.

"வுடு. பேஜாரு. உனக்கும் கஷ்டம்" என்றார்.

உடைந்து அழுவார் என்று பயந்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மூடி போட்டு அடுக்குகிற வேலைக்குப் பெண்கள் தேவை என்று கேள்விப்பட்டு, நான் போவதாகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

முதல் நாள் காலை பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். இத்தனை வருடம் போய்வந்த வழி, எந்த சீட்டில் வெயில் அடிக்காது என்பதுவரை சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் வந்ததும் அதன் போர்டைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "கும்மிடிப்பூண்டி போவுமா?" என்று கேட்டார். போகும் என்றார் பெரியவர். நான் ஏறி உட்கார்ந்தேன்.

பஸ் கிளம்பும்போது அவர் கையை ஆட்டினார். எனக்கு இரண்டு ஜன்னல் தள்ளி, வேறு யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திகைத்துப் போய்ப் பார்த்தாள். கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் ஆள் மாறிப்போனது அவருக்குத் தெரிந்துவிடும். கூப்பிடவில்லை. கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டார்.