ரப்பர் தவளைக்குச் சிக்கின விரால்

பங்குனி வெயிலில் இன்னைக்கு வீட்டுக்காரரோட சேவூர் ஏரிக்குப் போனேன். புதுசா வாங்கின ரப்பர் தவளையைத் தூண்டிலில் மாட்டி வீசிகினே இருந்தார். ஒண்ணும் சிக்கலை.

"இன்னாங்க, அங்க தண்ணி செகப்பா கொதிக்குது?" என்று நான்தான் கை காட்டினேன்.

"விரால் குஞ்சுங்க. பேசாம இரு!"

தவளையை அதுங்க மேலேயே போட்டார். பெரிய விரால் ஒண்ணு பாய்ந்து கவ்வியது.

"பாவம், பசி போல."

"பசியா? குஞ்சுங்கள தவளை தின்னுடும்னு தாய் மீன் வெரட்ட வந்துது."

"முருகா! விட்டுடுங்க."

"தூண்டி முள்ளு செவுள்ல ஏறிடுச்சி. இனிமே பொழைக்காது."

குழம்பு வெச்சேன். எனக்கு ஒரு வாய்கூட எறங்கலை.

"ஆண் மீனும் குஞ்சுங்களுக்குக் காவல் இருக்கும், நீ சாப்பிடு" என்கிறார். எங்க வீட்டு ஆணை வெச்சிப் பார்த்தா நம்பிக்கை வரலை. மீன் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்.