ஒன்பதாம் தளம் வரை எழுதிய கையேடு

அவளுக்குப் பல்லி என்று பெயர் வைத்தது அக்காதான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொள்வாள். பேச மாட்டாள். ஆனால் யார் யாரை முறைத்தார்கள், யார் தட்டில் என்ன மிச்சம் கிடந்தது என்பது வரை அவள் கண்ணுக்குத் தப்பாது. எப்போதாவது ஒரு வார்த்தை சொன்னால் வீடே திரும்பிப் பார்க்கும். நாற்பத்தொரு வயதாகிவிட்டது. பெயரும் மாறவில்லை, அவளும் மாறவில்லை.

பல் மருத்துவமனையின் பின்னறையில் பொய்ப்பல் செய்வது அவள் வேலை. முன்னறையில் மருத்துவர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். பல்லி அதில் பிளாஸ்டரை ஊற்றித் தாடையாக்கி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ஒன்றோடொன்று கடிக்க வைத்துத் திருத்துவாள். இருபது வருடமாக எத்தனையோ பேர் அவள் கைப்பல்லால் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அது அவளுக்கு ரொம்ப வசதியாகத்தான் இருந்தது.

தாடையோடு ஒரு சீட்டு வர வேண்டும். யாருடையது, மேலா கீழா, என்ன நிறம், எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சீட்டில்லாமல் வந்தால் பல்லி தொட மாட்டாள். ஒருமுறை மருத்துவர் அவசரத்தில் சீட்டில்லாமல் இரண்டு தாடைகளை அனுப்பி, ஒருவர் பல் மற்றவர் வாய்க்குப் போய்விட்டது. சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த ஒரு பெரியவர் மூன்று நாள் வாயை மூட முடியாமல் தெருவில் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரிந்தார். அன்றிலிருந்து அவள் சொன்னதுதான் அந்த அறையில் சட்டம்.

பழைய வீடியோ கேம் வாங்குவதிலும் அவளுக்கு அதே சட்டம்தான். அக்காவின் கணவர் வாங்கி, ஒரே மாதத்தில் அலுத்துப்போய்ப் பரணில் போட்ட கன்சோலில் தொடங்கியது இந்தப் பைத்தியம். இன்று அவள் கட்டிலுக்கு மேலே இரண்டு வரிசை அலமாரி நிறைய கேம்கள். ஒவ்வொன்றும் பெட்டி, கேசட், உள்ளே அச்சடித்த மேனுவல் என்று மூன்றும் சேர்ந்தது. மேனுவல் இல்லாததைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் மேனுவலை அட்டை முதல் கடைசிப் பக்கத்து எச்சரிக்கை வரை படிப்பாள். பிறகுதான் கன்சோலைத் தொடுவாள்.

“என்ன பல்லி, விளையாடப் போறியா, பரீட்சை எழுதப் போறியா?” என்பார் அக்காவின் கணவர்.

அவள் நிமிராமல் பக்கத்தைத் திருப்புவாள்.

அலமாரியில் ஓர் இடம் மட்டும் காலி. ‘விளக்குக்காரி’ என்று ஏழு பாகமாக வந்த கேமில் ஆறு இருந்தன. நான்காவது இல்லை. மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு பெட்டியின் அகலத்துக்கு இடைவெளி விட்டு வைத்திருந்தாள். ஆறு வருடமாக அப்படியே இருந்தது. அலமாரியைத் துடைக்கும்போது அந்த வெற்றிடத்தையும் துடைப்பாள். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல, அறைக்குள் வந்தால் அவள் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஒரு வியாழக்கிழமை மதியம், பழைய கேம் வாங்கி விற்பவர்களின் போன் குழுவில் ஒரு படம் வந்தது. நான்காம் பாகம். கீழே ஒரு வரி: “பெட்டி இருக்கு, கேசட் இருக்கு, மேனுவல் இல்ல. அது யாருக்கு வேணும்?”

பல்லி நான்கு வருடமாக அந்தக் குழுவில் இருந்தாள். ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. அன்று கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுதினாள்: “எனக்கு வேண்டும்.”

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் குழு இரண்டுபட்டது.

“கல்யாணத்துக்குப் போனா சாப்பிடுவீங்களா, பத்திரிகையப் படிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?” என்றார் ஒருவர்.

“பத்திரிகை படிக்காமப் போனா வேற யார் கல்யாணத்துலயோ உக்காந்து சாப்பிடுவ. உனக்குப் பழக்கம்தான்” என்றார் இன்னொருவர்.

இப்போது வருகிற புதுப் பெட்டியில் மேனுவலே கிடையாது, யாரும் செத்தா போனார்கள் என்று ஒரு கூட்டம். பெட்டியைத் திறந்தால் வெறும் பிளாஸ்டிக், காலி வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு கூட்டம். பல்லி எல்லாவற்றையும் படித்தாள். மறுபடி ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் விற்கிறவரே தனியாகச் செய்தி அனுப்பினார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்று சொல்லிக்கொண்டார்.

“வாங்கின அன்னிக்கே அந்த புக்கைத் தூக்கிப் போட்டுட்டேங்க. வேலையிலயும் நான் மேனுவல் பாக்குறதில்ல. கைக்கே தெரியும்.”

“உங்கள் லிஃப்டில் நான் ஏற மாட்டேன்” என்று எழுதினாள் பல்லி. அனுப்பிய பிறகு அவளுக்கே காது சுட்டது. முகம் தெரியாத மனிதரிடம் இப்படியா பேசுவது?

அந்தப் பக்கம் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. “சரி, அப்படி என்னதான் இருக்கும் அதுல? எனக்கு ஒண்ணும் குறையலையே. பதினோரு வருஷமா ஆடறேன்.”

பல்லி கொஞ்சம் யோசித்து ஒரே கேள்வி கேட்டாள்: “அவள் ஏன் ஏறுகிறாள்?”

நான்காம் பாகத்தில் ஒரு கோபுரம். கையில் விளக்கோடு ஒரு பெண் தளம் தளமாக ஏறுகிறாள். அந்தக் காலத்துக் கேம்களில் திரை ஒன்றும் சொல்லாது. கதையெல்லாம் மேனுவலில்தான். அது பல்லிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

 மூன்றாம் நாள்தான் பதில் வந்தது: “பதினோரு வருஷமா ஏத்திவிட்டுக்கிட்டே இருக்கேன். ஏன்னு ஒருநாள்கூடக் கேக்கலையே! தூக்கம் போச்சு எனக்கு.”

அடுத்த வாரம், அவர் கேட்டு வாங்கியிருந்த முகவரிப்படி, மருத்துவமனை முன்மேசையில் ஓர் உறை வந்து கிடந்தது. உள்ளே நடுவில் மடித்து இரண்டு பின் அடித்த எட்டுத் தாள்கள். லிஃப்ட் சோதனைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாள். மேல் தாளில் பேனாவால் எழுதியிருந்தது: ‘விளக்குக்காரி, நான்காம் பாகம். மேனுவல்.’

பல்லி பிளாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தாள்.

‘கதை: உண்மைக் கதை தெரியாது. நானாக எழுதியது. உச்சியில் யாரோ லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கீழே எல்லாரும் காத்திருக்கிறார்கள். அதைச் சாத்துவதற்காக இந்தப் பெண் ஏறுகிறாள்.’

‘இரண்டாம் தளம்: வெளிச்சம் போதாது. மூன்றாம் தளம்: கதவு பாதி மூடும்போது கால் வைக்கக் கூடாது. வைத்தேன். ஐந்தாம் தளம்: பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதிக்க வேண்டாம். எடை தாங்காது.’

பல்லி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்வதற்குள் சத்தம் வெளியே வந்துவிட்டது. பல்லுக்கு மெருகு போடும் தம்பி மோட்டாரையே நிறுத்திவிட்டான்.

“அக்கா, நீங்களா சிரிச்சீங்க?”

“இல்ல.”

“இங்க நம்ம ரெண்டு பேருதான்க்கா இருக்கோம்.”

“வேலையப் பாரு.”

கடைசிப் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் தளர்ந்திருந்தது. ‘ஒன்பதாம் தளம்: வாசலில் பெரிய பறவை. அடித்தால் இன்னும் பெரிதாகிறது. இதற்கு மேல் நான் போனதில்லை. மேலே எத்தனை தளம் என்றும் தெரியாது. பொய் எழுத மனமில்லை. பொத்தான்கள்: ஒன்று குதிக்க, ஒன்று அடிக்க, ஒன்று ஓட. நான்காவது எதற்கென்று புரியவில்லை. அழுத்தினால் உட்காருகிறாள். களைப்பாக இருக்கும்போல.’

அன்று வீட்டுக்குப் போனதும் பல்லி மற்ற ஆறு மேனுவலையும் கட்டிலில் பரப்பினாள். ஆறிலும் பொத்தான் பக்கத்தைத் தேடிப் படித்தாள். அவள் நினைத்தது சரிதான். இந்த மேனுவல்களை எழுதியவர்களுக்கு ஒரு குறும்பு உண்டு. ஒரு பொத்தானை மட்டும் கடைசியில், ஒரே வரியில், ஒன்றுமில்லாததுபோலச் சொல்லிவிட்டுப் போவார்கள். திணற வைக்கும் இடத்தைத் தாண்ட வைப்பது எப்போதும் அதுதான்.

செய்தியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பறவை என்ன செய்யும் என்று கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கேமை வாங்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு துணைக்கு அக்காவைக் கூப்பிட்டாள்.

“ஒரு கேசட் வாங்க நான் எதுக்குடி?” என்றாள் அக்கா.

“நீ பேசு. நான் வாங்கிக்கிறேன்.”

அவர் வீடு நான்காவது மாடியில். கீழே லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. அக்கா மூச்சு வாங்க ஏறிப்போய்க் கதவு திறந்தவரிடம் முதல் வார்த்தையாகவே கேட்டாள்: “லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் வீட்டுலயே லிஃப்ட் ஓடலையா?”

“வேற கம்பெனி லிஃப்டுங்க. தொட்டா என் வேலை போயிடும். தினம் நானும் ஏறித்தான் வர்றேன்.” ஐம்பதை நெருங்கும் மனிதர். சட்டைப் பையில் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு திருப்புளி. பல்லியைப் பார்த்து, “நீங்கதான் என் லிஃப்ட்ல ஏற மாட்டேன்னவங்களா?” என்றார்.

பல்லி சுவரோரம் இருந்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

“அவ அப்படித்தான். நீங்க போட்டுக் காமிங்க, ஓடுதான்னு பாத்துட்டுக் கிளம்பறோம்” என்றாள் அக்கா, அவர் கொடுத்த கேம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

அவர் ஆடினார். கைக்கே தெரியும் என்றது பொய்யில்லை. எட்டுத் தளத்தையும் கண் சிமிட்டும் நேரத்தில் ஏறிவிட்டார். ஒன்பதாவதில் பறவை வந்தது. அடித்தார். அது வீங்கியது. மறுபடி அடித்தார். திரை முழுக்க இறகாகிவிட்டது.

“பாத்தீங்களா? இவ்வளவுதான் நம்ம உசரம்.”

“உக்கார வைங்க” என்றாள் பல்லி.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“அடிக்காதீங்க. நாலாவது பட்டன். அவள உக்கார வைங்க.”

மறுபடி ஏறினார். பறவைக்கு எதிரே நின்றார். கட்டைவிரல் அடிக்கப் போய், நின்று, நான்காவது பொத்தானுக்கு நகர்ந்தது. விளக்குக்காரி உட்கார்ந்தாள். விளக்கைத் தரையில் வைத்தாள். பறவை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு சிறகை மடக்கி, சின்னதாகி, ஒரு புறா அளவுக்கு வந்து, அவளுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தது. கதவு திறந்தது.

லிஃப்ட்காரர் எழுந்து நின்றுவிட்டார். “பதினோரு வருஷம்! அடப்பாவி, பதினோரு வருஷமா அத அடிச்சுக்கிட்டிருந்தேனே!”

பத்தாம் தளத்தில் பனி பெய்தது. கோபுரத்தின் படம் ஓரத்தில் தெரிந்தது. மேலே இன்னும் முப்பது தளம். அக்காவே மடியிலிருந்த பெட்டியை மறந்து, “இடது பக்கம் போங்க, இடது பக்கம்!” என்று கத்தினாள்.

அரை மணி கழித்து அக்காவுக்குத்தான் நினைவு வந்தது. “சரி, கிளம்பணும். கேசட்டக் குடுங்க.”

அவர் கன்சோலை நிறுத்தினார். கேசட்டை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பேசியது பேசியதுதான் என்று சிரித்தபடி நீட்டினார். ஆனால் கட்டைவிரல் கேசட்டை விடவில்லை. பல்லி அந்த விரலைத்தான் பார்த்தாள். பிறகு காலியாக இருக்கும் அந்த இடத்தை நினைத்தாள். ஆறு வருடம். கை நீட்டினால் போதும்.

“இது முழுசா இல்ல” என்றாள்.

“என்னங்க குறை? பெட்டி, கேசட், மேனுவல், மூணும் இருக்கே?”

“மேனுவல் ஒன்பதாவது தளத்தோட நிக்குது. அரைகுறை மேனுவல் இருந்தா நான் வாங்க மாட்டேன்.” அவள் வாழ்நாளில் ஓர் அந்நியரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. “மிச்சத்த ஆடி எழுதிக் குடுங்க. முடிச்சப்புறம் வாங்கிக்கறேன். எழுதினது வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்.”

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் காது வரை சிரித்தார். அவர் பல் வரிசையில் கீழே இடது பக்கம் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. நல்ல கடி, தொட வேண்டியதில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள் பல்லி.

படியிறங்கும்போது அக்கா புலம்பிக்கொண்டே வந்தாள். “நாலு மாடி ஏறி வெறுங்கையோட வர்றோம். உனக்குக் கிறுக்குடி.”

அன்றிரவு அலமாரியில் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் அந்த எட்டுத் தாள் நின்றது. அட்டையில்லாததால் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது.

செவ்வாய்க்கிழமை அடுத்த உறை வந்தது. ‘பத்தாம் தளம்: பனி. வழுக்கும். கைப்பிடி வைக்கப் பரிந்துரை செய்கிறேன். பதினொன்றாம் தளம்: ஒரு கிழவர் கேள்வி கேட்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டால் நல்லது. லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை.’

பல்லி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் நீட்டினாள்.

“நானும் வரணுமா?” என்றாள் அக்கா, கண்ணைச் சுருக்கி.

பல்லி கொஞ்சம் யோசித்தாள். “வேணாம்” என்றாள்.